மலைச்சரிவின் இரு மூலிகைகள்

பாலக்காட்டின் வாளையார், நெல்லியாம்பதிப் பகுதிகளிலும், இடுக்கியின் மறையூர், குமுளிப் பகுதிகளிலும், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் மலைச்சரிவுகளில் மூலிகைகளுக்குக் குறைவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அம்மூலிகைகளுள் இரண்டு, 'மனம் என்பது யாது?' என்னும் பழமையான கேள்வியை விஞ்ஞான உலகில் புதிதாக எழுப்பியவை. ஒன்று சர்ப்பகந்தா, மலையாளத்தில் அமல்பொரி. மற்றொன்று பூனைக்காலி; மலையாளத்தில் நாய்க்குரணை.

சர்ப்பகந்தாவின் வேர், சித்தம் கலங்கியோருக்கு நெடுங்காலமாகவே நம் நாட்டில் வழங்கப்பட்டு வந்தது. அது உயர் இரத்த அழுத்தத்தையும் மனக் கொந்தளிப்பையும் தணிக்கிறது என்று 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்க மருத்துவர்கள் எழுதினர். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது விரைவில் மேலைநாட்டு மனநல மருத்துவமனைகளை எட்டியது.

ஒரு வேரால் கொந்தளிக்கும் மனம் அடங்குவது எவ்வாறு? மூளையின் நரம்பணுக்களுக்கு இடையே மிக நுண்ணிய இடைவெளி உள்ளது. ஓர் அணுவின் செய்தி அடுத்ததைச் சென்றடைய, டோபமின், செரோடோனின் போன்ற வேதித் தூதுவர்கள் அந்த இடைவெளியைக் கடக்கின்றன. இவை அணுவின் முனையில் நுண்பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். ரிசர்பின் அப்பைகள் நிரம்பாதவாறு தடுத்துவிடுகிறது. தூதுவர் இன்றிச் செய்தி ஏது?

1957-இல் சுவீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன், ரிசர்பின் செலுத்தப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, மூளையில் டோபமினாக மாறக்கூடிய டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. இந்த ஆய்வு வழியே பார்க்கின்சன் நோய்க்கு மருந்து பிறந்தது. 2000-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த டோபாவின் இயற்கை வடிவமான எல்-டோபாவை, இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1937-இல், பூனைக்காலி விதையிலிருந்து சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்திருந்தனர். ஒரு மூலிகையின் பொருள் சாய்த்ததை, மற்றொரு மூலிகையிலும் உள்ள பொருள் எழுப்பியது!

இங்கே ஆன்மிக சாதகனின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழலாம். ஊக்கமும் சோர்வும் வேதிப்பொருள்களின் விளையாட்டு என்றால், மனிதனின் முயற்சிக்கும் தர்மத்திற்கும் பொருள் என்ன?

உபநிடதம் இத்தகைய செய்தி கேட்டு அஞ்சுவதில்லை. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாட்கள் உணவின்றி, நீர் மட்டும் அருந்தி இருக்கச் செய்கிறார். பிறகு வேதத்தை ஓதும்படி கேட்கிறார். மகனுக்கு ஒன்றும் நினைவில் எழவில்லை. உணவு உண்டபின் அனைத்தும் திரும்பி வருகின்றன. மனம் அன்னத்தைச் சார்ந்தது என்பதைத் தந்தை அவ்வாறு உணர்த்துகிறார். மனம் சூட்சுமமான ஜடப்பொருள். அதனை அறியும் சாட்சியே ஆத்மா என்பது வேதாந்தத்தின் முடிவு. எனவே மனத்தை மருந்து மாற்றுகிறது என்பதால் ஆத்மாவுக்கு இழுக்கில்லை.

எனினும் இந்த அறிவிலிருந்து இரு தவறான முடிவுகளுக்குச் செல்வோர் உண்டு.

மனச்சோர்வுற்றவரிடம், 'உமக்கு நம்பிக்கை போதவில்லை, இன்னும் ஜபம் செய்யும்' என்று கூறுவது முதல் தவறு. பதினைந்து நாள் பட்டினி கிடந்தவனை மறதிக்காகக் கடிந்துகொள்வதற்கு ஒப்பானது அது. உத்தாலகர் கடிந்துகொள்ளவில்லை, 'போய் உண்டு வா' என்றார். கடும் மனச்சோர்வில் இருப்பவரிடம் சாட்சி பாவனையை உபதேசிப்பதும் அத்தகையதே. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போல இதற்கும் நாடுவதில் பக்திக்குக் குறைவில்லை.

'எல்லாம் ரசாயனம், நான் என்ன செய்வேன்?' என்பது இரண்டாவது தவறு. விஞ்ஞானமே அவ்வளவு எளிதாகப் பேசுவதில்லை. மனச்சோர்வு என்பது செரோடோனின் குறைவுதான் என்னும் விளக்கத்திற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-இல் வெளிவந்த விரிவான மறுஆய்வு ஒன்று கூறியது. மருந்துகள் பலருக்குப் பயன் தருகின்றன. ஆனால் அவை தூதுவர்களின் அளவைச் சில மணி நேரத்தில் மாற்றினாலும், மனம் தேற வாரங்கள் ஆகின்றன. உடல், உறவு, பழக்கம், வாழ்க்கைத் துயரம் யாவும் மனத்தில் சேர்கின்றன.

பார்க்கின்சன் நோய்க்காக டோபமினைப் போலச் செயல்படும் மருந்துகளை உட்கொள்வோருள் சிலருக்கு, அதற்குமுன் இல்லாத சூதாட்ட வேட்கை தோன்றுவதுண்டு. மருந்தை மாற்றினால் அல்லது குறைத்தால் பெரும்பாலும் அது தணிகிறது. அவ்வேட்கைக்காக அவரைப் பாவி என்று தூற்றுவது நியாயமன்று. ஆனால் காரணம் தெரிந்த பின் அதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுவதும், பணத்தைக் குடும்பத்தாரிடம் ஒப்படைப்பதும் அவருடைய கடமை. வேட்கை எழுவது அவர் வசத்தில் இல்லை. உதவி கேட்பதோ பெரும்பாலும் அவர் வசத்தில் இருக்கிறது. அதுவும் இயலாத நிலையில், அப்பொறுப்பை ஏற்பது சுற்றத்தாரின் தர்மம்.

ஆகவே, மூளையின் வேதியியலை அறிவது பழிச்சொல்லை அகற்றுகிறது, பொறுப்பை அகற்றுவதில்லை. பழிச்சொல் விலகிய பின்பே நோயுற்றவர் தம் பொறுப்பை அச்சமின்றி ஏற்க முடிகிறது.

மலைவாழ் மக்களில் சிலர் பூனைக்காலி விதையைப் பலமுறை வேகவைத்து, நீரை வடித்த பின்பே உண்பர். அதன் வலிமையை அறிந்தவர்கள் அவர்கள். இம்மூலிகைகளைத் தாமாகவே மருந்தாக உட்கொள்வது ஆபத்தானது. தக்க மருத்துவரின் வழிகாட்டல் இன்றியமையாதது.

அன்பர்களின் இல்லங்களிலும் சத்சங்கங்களிலும் மனம் தளர்ந்து ஒதுங்கி நிற்பவர் ஒருவரேனும் இருக்கக்கூடும். உபதேசத்திற்கு முன் அவர் அருகில் அமர்ந்து, உண்டாரா, உறங்கினாரா என்று கேட்போம். மருத்துவரிடம் உடன் செல்வோம். பிரார்த்தனையும் உடன் நடக்கட்டும். துன்புறும் மனத்திற்குச் செய்யும் அத்தொண்டு, அம்மனத்திற்குச் சாட்சியாக விளங்கும் இறைவனுக்கே செய்யும் பூஜையாகும்.