வித்தியாசாலைக்கு இரத்தல்

சைவப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் திருப்பணியிலே அமர்ந்த ஆசிரிய அன்பர்காள்!

மாத்தளை மாவட்டத்திலே இரத்தோட்டை, உக்குவளை முதலிய மலைப்புறங்களிற் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இக்காலத்தில் ஓர் ஐயம் நிகழ்கின்றது. வகுப்பறையிலே வாசிக்கப் புத்தகம் போதாது. மழைக்குக் கூரை ஒழுகுகின்றது. சில பிள்ளைகளுக்குக் கொப்பியும் பென்சிலும் அரிது. கைப்பேசியிலே நான்கு வரி எழுதிக் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர்க்கு இணையவழியாக அனுப்பினாற் பொருள் வந்து சேரும். ஆயினும், அங்ஙனம் கேட்டல் ஆசிரியனுக்குத் தகுமோ? இரத்தல் இழிவன்றோ? என்பதே அவ்வையம். அதனை ஈண்டு ஆராய்வாம்.

திருவள்ளுவ நாயனார் ‘இரவு’ என்று ஓரதிகாரமும், அதனையடுத்து ‘இரவச்சம்’ என்று ஓரதிகாரமும் வகுத்தருளினார். இவை தம்முள் முரணுவனவல்ல. மானத்திற்குக் கேடில்லாத இரவு ஒன்று, மானத்தை அழிக்கும் இரவு ஒன்று என உரையாசிரியராகிய பரிமேலழகர் அவற்றைப் பிரித்துக் காட்டினார். ஆதலின், ‘கேட்கலாமா’ என்பதன்று நம் வினா. ‘எவ்வாறு கேட்டால் மானங் கெடாது’ என்பதே வினா. யாருடைய மானம்? ஆசிரியர் தம் மானத்தையே எண்ணிக் கூசுகின்றனர். பிள்ளையினுடைய மானமே முன்னர் எண்ணற்பாலது.

தமக்கென்று கேட்பதும் பிறர்க்கென்று கேட்பதும் ஒன்றல்ல. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கே ஆசிரியராயும் இருந்து, 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அதன் செலவின்பொருட்டுச் சைவர் வீடுகளிலே பிடியரிசி சேர்க்கப்பட்டது. அடுப்பிலே உலை வைக்கும்போது ஒரு பிடியை வேறாக எடுத்து வைத்தல் ஏழைக்கும் இயலும். கொடுத்தவர் யாவரும் அவ்வித்தியாசாலை தம்முடையது என்று எண்ண உரிமை பெற்றனர். இக்காலத்து இணையவழி நன்கொடையும் அப்பிடியரிசியின் மறுவடிவமேயாம். பாத்திரம் மாறிற்று, அறம் மாறவில்லை.

எனினும், கேட்கும் முறையிலே பிழை நேரின் அறமே சுமையாகிவிடும். அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்து விடுதிப் பாடசாலைகளை நடத்தியபோது, பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலுள்ள உபகாரிகள் ஏற்றனர். ஏற்றவர் விரும்பிய பெயரே அப்பிள்ளைக்கு இடப்பட்டது. அம்மிஷன் செய்த கல்வித் தொண்டு பெரிது. மிஷன் பாடசாலையிற் கற்ற யான் அதனை மறுக்கேன், நன்றியும் மறவேன். ஆயினும், சோறும் எழுத்தும் பெற்ற பிள்ளை அவற்றுக்கு விலையாகத் தன் பெயரைக் கொடுக்க நேர்ந்ததே என்பதை ஆசிரியர் ஒவ்வொருவரும் சிந்திக்கக் கடவர்.

இன்று நாம் பிள்ளையின் பெயரை மாற்றுகின்றோமில்லை. ஆனால், கிழிந்த சட்டையோடும் வெறுங்காலோடும் அப்பிள்ளையை நிறுத்திப் படம் பிடித்து, ஊரும் பெயரும் எழுதி, உலகமெல்லாம் காணப் பரப்புகின்றவர் உளர். படம் பார்த்தவர் இரங்குவர், பொருளும் வரும். அப்பிள்ளை வளர்ந்து மணஞ்செய்யுங் காலத்திலும் அப்படம் அழியாது நிற்கும். தன்னைக் காப்பார் என்று நம்பி வந்த பிள்ளையின் வறுமையைக் காட்சிப்பொருளாக்கிப் பெற்ற காசு, நூறு புத்தகம் வாங்கினும் குறையுடைய காசேயாம்.

குறையுடைய காசு என்றமையாற் பெரியபுராணத்திலே ஒரு சரித்திரம் நினைவுக்கு வருகின்றது. பஞ்சம் வந்த காலத்திலே திருவீழிமிழலையில் அடியார்க்கு அமுதளிக்கும்பொருட்டு, திருநாவுக்கரசு நாயனாருக்கும் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாருக்கும் இறைவர் நாடோறும் படிக்காசு அருளினார். அப்பர் பெற்ற காசு வாசியின்றிச் சென்றது. பிள்ளையார் பெற்ற காசுக்கு வாசி கேட்டனர். அதனாலே பிள்ளையார் திருமடத்தில் அமுது தாழ்த்தது. அப்பர் கையாலே திருத்தொண்டு செய்பவராதலின் அவர் காசு வாசியின்றிப் பெற்றது என்று அங்கே காரணம் அறியப்பட்டது. பிள்ளையாரும் பதிகம் பாடி வேண்டி நற்காசு பெற்றார். இதனால் நாம் அறியற்பாலது யாதெனின், இறைவனிடத்துப் பெறும் பொருளுக்கும் தொண்டே மாற்று என்பது. வகுப்பறையைத் தாமே பெருக்கி, உடைந்த வாங்கைத் தாமே பழுதுபார்த்து, பாடத்தை ஒழுங்காகக் கற்பிக்கும் ஆசிரியர் கேட்பின் அக்கேள்விக்கு வாசியில்லை. கற்பித்தலிலே சோம்பிக் கேட்டலிலே முந்துபவர் பெறுங் காசு வாசியுடையது.

‘1945ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிலே இலவசக் கல்வி உளது, 1977ஆம் ஆண்டு முதல் தோட்டப் பாடசாலைகளும் அரசாங்கத்தின் வசமாயின, பின்னர் நாம் ஏன் கேட்டல் வேண்டும்?’ என்பார் உளர். நியாயமான வினாவே. கட்டிடமும் ஆசிரியர் வேதனமும் பாடநூலும் அரசின் கடன். அவற்றைக் கல்வி அலுவலகத்திலே எழுத்தாற் கேட்டல் இரத்தலன்று, உரிமை. அக்கடன் நம் நன்கொடையால் மறைந்துவிடலாகாது. உரிமையைக் கேட்டுக்கொண்டே, அது வந்து சேருமளவும் பிள்ளையின் ஓராண்டு வீணாகாதபடி காத்தற்கே நன்கொடை உரியது.

அமெரிக்காவிலே நியூயோர்க் நகரத்துப் பிராங்ஸ் பகுதியில் ஆசிரியராயிருந்த சார்ள்ஸ் பெஸ்ட் என்பவர் 2000ஆம் ஆண்டிலே ‘டோனர்ஸ்சூஸ்’ என்னும் இணைய நிலையத்தைத் தொடங்கினார். ஆசிரியர் தம் வகுப்புக்கு வேண்டிய பொருள் இன்னதென்று அதிலே எழுதுவர். விரும்பினோர் சிறுதொகையும் கொடுப்பர். அப்பணம் ஆசிரியர் கையிற் செல்லாது. நிலையமே பொருளை வாங்கிப் பாடசாலைக்கு அனுப்பும். பெருஞ்செல்வ நாட்டிலும் ஆசிரியர் கேட்கவே நேர்ந்தது என்பதும், கேட்பவரை ஐயத்தினின்று காக்கும் ஒழுங்கு அங்கே அமைந்தது என்பதும் கருதத்தக்கன.

அவ்வொழுங்கை நாமும் கைக்கொள்ளலாம். முதலாவது, அதிபருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் அறிவித்தே கேட்க. இரண்டாவது, பணத்தைத் தம் பெயரிலுள்ள கணக்கிலே வாங்கற்க. கூடுமாயின் பொருளாகவே பெறுக. மூன்றாவது, ‘உதவுக’ என்று பொதுவாகப் புலம்பாது, இத்தனை புத்தகம், இன்ன விலை என்று திட்டமாக எழுதுக. நான்காவது, வெறும் அலுமாரியைப் படம் பிடிக்க. பிள்ளையின் முகத்தைப் படம் பிடியற்க. ஐந்தாவது, வந்ததும் செலவானதும் ஒரு சதமுங் குறையாமல் எழுதி, பெற்றோர் காணப் பாடசாலைச் சுவரிலும், கொடுத்தோர் காண இணையத்திலும் வெளியிடுக.

அன்பர்காள்! மாசிமகத்திலே மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரதங்கள் வீதிவலம் வருகையில், வடம்பிடிக்க வருக என்று அழைப்பதை யாரும் இரத்தல் என்று இகழார்; அழைத்தவர் தாமும் வடம் பிடிக்கின்றார் ஆதலின். வித்தியாசாலையும் அத்தகைய தேரே. முதலிலே நம் கை வடத்திற் படுக. பின்னர் உலகத்தை அழைப்போம். தேரிலே இருக்கும் பிள்ளை தலைநிமிர்ந்து இருக்கச் சிவபெருமான் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.