ஈர நெஞ்சமும் தெருநாயும்

அசுத்தம் வேறு, அலட்சியம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் பழக்கம் நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. வண்டியில் அடிபட்டு வீதியோரம் கிடக்கும் நாயைக் கண்டால், "நஜீஸ்" என்ற ஒரு சொல்லோடு ஒதுங்கிப் போகிறோம். ஒதுங்குவதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டும் நாம், அந்த உயிரின் பசிக்கும் வலிக்கும் நம்மிடம் கேள்வி உண்டா என்பதை மார்க்கத்திடம் கேட்பதில்லை. இங்கே அதைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் வழியில், நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனபி வழியில் நாயின் உமிழ்நீர் அசுத்தம், உடல் அவ்வாறன்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் வழியில் நாய் தூய்மையானதே. அவரவர் வழியை அவரவர் பேணட்டும். ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சட்டங்கள் யாவும் நம் பாத்திரத்தையும் ஆடையையும் தொழுகையையும் பற்றியவை. நாய்க்கு நீர் வார்க்காதே என்று இவற்றுள் எதுவும் சொல்லவில்லை. கழுவும் முறையைக் கற்பித்திருப்பதே, தொட நேரிடும் என்பதை ஒப்புக்கொண்டதால் அன்றோ!

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கிய மனிதரின் வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் நீரை மொண்டது தம் காலுறையில். அதை வாயில் கவ்விக்கொண்டு மேலேறினார். இறைவன் அவரை மன்னித்தான். கால்நடைகளின் பொருட்டும் நற்கூலி உண்டா என்று தோழர்கள் வியந்து வினவியபோது, ஈரமுள்ள ஈரல் கொண்ட ஒவ்வோர் உயிரின் பொருட்டும் உண்டு என்னும் கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். மதீனாவில் ஒரு கட்டத்தில் நாய்களைக் கொல்ல ஆணை பிறந்ததும், பின்னர் அது தடுக்கப்பட்டதும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. வெறிகொண்டு கடிக்கும் நாயைக் கொல்ல அனுமதியும் உண்டு. ஆகவே, ஆபத்தை அறியாத வெறும் உருக்கத்தை மார்க்கம் கற்பிக்கவில்லை. ஆபத்தைக் காரணமாக்கிக் கருணையைக் கைவிடவும் சொல்லவில்லை.

இந்தச் சமநிலையை வாழ்ந்து காட்டிய நகரம் இஸ்தான்புல். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே ஐரோப்பியத் தூதராக இருந்த புஸ்பெக், துருக்கியர் நாயை அசுத்தமென்று வீட்டுக்குள் விடுவதில்லை என்றும், ஆயினும் தெருவில் அவற்றுக்கு உணவிடுவதை அறமாகக் கருதினர் என்றும் தம் கடிதங்களில் எழுதினார். வாசலுக்கு உள்ளே தூய்மை, வாசலுக்கு வெளியே கருணை. ஒன்று மற்றொன்றுக்குத் தடையாகவில்லை.

அதே நகரத்தில் 1910-இல் நடந்ததும் நினைவில் நிற்க வேண்டும். நகரை நவீனமாக்கப் புறப்பட்ட ஆட்சி, பல்லாயிரம் தெருநாய்களைப் பிடித்து, மர்மாரா கடலிலுள்ள ஸிவ்ரியடா என்னும் பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டது. அவற்றைக் கத்தியால் எவரும் வெட்டவில்லை. உணவும் நீருமின்றி அவை தாமே மடிந்தன.

இங்கேதான் பூனையை அடைத்துவைத்த பெண்ணின் வரலாறு நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. அவள் பூனையை அடித்துக் கொன்றதாகச் செய்தி இல்லை. அடைத்துவைத்தாள், தானும் உணவிடவில்லை, அது தானே இரை தேடிக்கொள்ள விடவுமில்லை. அதற்காகவே தண்டனைக்கு ஆளானாள். அடைத்தவர் எவரோ அவரே பொறுப்பாளி என்பது இதன் பாடம்.

இப்பாடம் இன்று நமக்கு மிகவும் தேவை. 2025 ஆகஸ்ட் 11-இல் தில்லியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே மாதம் 22-இல் அந்த ஆணை மாற்றப்பட்டது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் இதற்கு விலக்கு. துருக்கியிலோ, இவ்வாறே திருப்பி விடச் சொன்ன 2004-ஆம் ஆண்டுச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, நாய்களைக் காப்பகத்தில் வைக்கும் கடமை நகராட்சிகள் மீது சுமத்தப்பட்டது.

காப்பகம் என்ற சொல் இனிமையானது. ஆனால், இடமும் உணவும் மருத்துவரும் இல்லாத காப்பகம், சுவர் எழுப்பப்பட்ட ஸிவ்ரியடாவே. ஷாபிஈ வழியின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்), மனிதன் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளைத் தொகுத்தபோது, முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அவற்றுக்கு உணவளித்தல், ஒன்றையொன்று காயப்படுத்தும் பிராணிகளைச் சேர்த்து அடைக்காதிருத்தல் ஆகியவற்றையும் சேர்த்தார். அவர் மறைந்தது 1262-இல். காப்பகம் ஒன்றைச் சோதிக்கச் செல்பவர் கையில் கொண்டுபோகத்தக்க அளவுகோல் இன்றும் அதுவே.

சென்னை இதில் வழிகாட்டிய ஊர். இங்கே 1959-இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1960-களிலேயே முன்வைத்தது. 1996-இல் மாநகராட்சி அதை ஏற்றது. 2001-இல் இந்திய அரசின் விதியாகவும் ஆயிற்று. குப்பையும் எச்சிலும் கிடக்கும் தெருவில் நாய்களை அகற்றினால் வேறு நாய்கள் வந்து சேரும். தடுப்பூசி போட்ட நாய் அங்கேயே இருந்தால் அது தெருவுக்கு அரண். கருத்தடை கூடுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நன்மை கருதினால் குற்றமில்லை என ஹனபி நூல்கள் இடமளிக்கின்றன.

"மனிதக் குழந்தையை நாய் கடிக்கும்போது நாய்க்கு இரங்குவதா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்பவர் அரிது. அதற்குப் பலியாவோரில் சிறுவர் மிகுதி. மனிதருக்கு வரும் இந்நோயில் 99 விழுக்காடு நாய்களால் வருவது. ஓர் ஊரின் நாய்களுள் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் கணக்கு. ஆகவே, நாய்க்கு இடப்படும் ஊசி நம் குழந்தைக்கும் காவல். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனை செல்ல வேண்டும் என்பதையும் ஒவ்வோர் இல்லமும் அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது யாது? ஜகாத்துக்கு உரியோர் எண்வகையினர் என்று திருமறை வரையறுத்துள்ளது. அதில் கை வைக்க வேண்டாம். ஸதகாவின் வாசலோ அகலமானது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் காப்பகத்துக்கு மாதம் ஒரு சிறு தொகை அனுப்பலாம். அனுப்புமுன் ஒருமுறை நேரில் சென்று, தண்ணீர்த் தொட்டியையும் கூண்டின் நெருக்கத்தையும் பார்க்கலாம். மஹல்லாவில் தடுப்பூசி முகாம் நடத்த ஜமாஅத்தார் நகராட்சியிடம் கேட்கலாம். குர்பானிக் கழிவுகளைத் தெருவில் எறியாமல் முறையாகப் புதைக்கலாம். கோடையில் வாசலுக்கு வெளியே ஒரு மண்சட்டியில் நீர் வைக்கலாம். அதற்கு நாயைத் தொடவே வேண்டியதில்லை.

குகைத் தோழர்களைப் பற்றிக் கூறும் திருமறை, வாயிலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த அவர்களுடைய நாயையும் விட்டுவிடவில்லை. அவர்களின் எண்ணிக்கையைப் பேசும் இடத்திலும் அதைச் சேர்த்தே பேசுகிறது. நம் வாயிலுக்கு வெளியே படுத்திருக்கும் நாயை நாமும் கணக்கில் சேர்ப்போமாக!