வள்ளலின் கையும் வாத்துக் கறியும்

கொடுப்பவரைப் போற்றுகிறோம். கொடுத்த பொருள் யாருடையது என்று கேட்டால் மட்டும், நன்றி கெட்டவன் என்ற பட்டம் வருகிறது. வரட்டும், தோழர்களே, கேட்டுத்தான் பார்ப்போம்.

இங்கிலாந்திலே போல்ட்டன் நகரில், மளிகைக் கடைக்காரரின் மகனாக 1851இல் பிறந்தவர் வில்லியம் லீவர். சன்லைட் சவுக்காரம் அவருக்குச் செல்வத்தைக் குவித்தது. ஆலைத் தொழிலாளர் புகையிலும் சேற்றிலும், ஒளி புகாத அறைகளிலும் உழன்ற காலம் அது. லீவர் வாளாவிருக்கவில்லை. மெர்சி ஆற்றுப் பக்கம் 1888இல் போர்ட் சன்லைட் என்ற ஊரையே எழுப்பத் தொடங்கினார். 1914க்குள் ஏறத்தாழ 800 வீடுகள்! பள்ளி, மருத்துவமனை, நீச்சல் குளம், பூங்கா! பாராளுமன்றத்திலே முதியோர் உதவித்தொகைக்காக வாதாடினார். ஆறு மணி நேர வேலைநாள் போதும் என்று எழுதினார். கசக்கிப் பிழிவது ஒன்றே அறிந்த முதலாளிகளோடு இவரைச் சேர்த்தெண்ணுவது நேர்மையாகாது.

ஆனால், இலாபத்தைப் பணமாகவே பங்கிடலாமே என்ற பேச்சு எழுந்தபோது அவர் சொன்ன விடை என்ன? பணமாகத் தந்தால் மதுவாகவும், இனிப்பாகவும், கிறிஸ்துமசுக்குக் கொழுத்த வாத்தாகவும் உங்கள் தொண்டைக்குள் போய்விடும். என்னிடமே விட்டுவையுங்கள், நல்ல வீடாக மாற்றித் தருகிறேன் என்ற பொருள்படப் பேசினார்.

ஆண்டு முழுதும் கொதிகலன் அருகே வெந்தவன், ஒருநாள் தன் மக்களோடு அமர்ந்து வாத்துக் கறி உண்டால் உலகம் கவிழ்ந்துவிடுமா? முதலாளி தம் மாளிகை விருந்துக்கு யாரிடம் ஒப்புதல் பெற்றார்? விட்டுவையுங்கள் என்ற சொல்லே, அந்தப் பணம் தொழிலாளியுடையது என்பதை ஒப்புக்கொள்கிறதே! அவன் பொருளைத் தாம் வைத்துக்கொண்டு, அதிலே ஒரு பகுதியை வீடாகத் தந்து, வள்ளல் என்ற பெயரையும் தாமே பெற்றார். அந்த வீடோ வேலையோடு பிணைந்தது. வேலை போனால் வீடும் போகும். எதிர்த்துப் பேசுமுன் மனைவி மக்களின் முகம் நினைவுக்கு வராதா? தன்மானமுள்ள எவனும் போர்ட் சன்லைட்டின் காற்றை நெடுநாள் சுவாசிக்க முடியாது என்று, போல்ட்டன் தொழிற்சங்கச் செயலாளர் ஒருவர் 1919இல் லீவருக்கே எழுதினார். வசதி கண்டு மயங்காத அந்தத் தோழரை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

உனக்கு நல்லது எது என்பதை நானே அறிவேன் என்ற இந்த எண்ணம் கடல் கடந்தபோது என்ன ஆயிற்று? சவுக்காரத்துக்கு எண்ணெய் வேண்டும். 1911இல் பெல்ஜிய அரசோடு ஒப்பந்தம் செய்து, காங்கோவிலே 7,50,000 ஹெக்டேர் வரை எண்ணெய்ப் பனைக் காடுகளைப் பெறும் உரிமையை லீவர் அடைந்தார். அங்கும் பள்ளியும் மருத்துவமனையும் தருவதாக ஒப்பந்தம் பேசிற்று. காட்டுக்கு உரிய மக்களை யார் கேட்டது? பிரிட்டனிலே சங்கம் இருந்தது, வாக்குச் சீட்டு இருந்தது. காங்கோத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. உயர்ந்த மரங்களில் ஏறிப் பழக்குலை வெட்ட, அதிகாரிகளும் அவர்களுக்கு அடங்கிய தலைவர்களும் வற்புறுத்தி ஆள் பிடித்தனர். லீவர் 1925இல் இறந்தார். 1931இல், பழத்துக்குத் தந்த விலை சரிந்தது, வரியோ வருத்தியது. பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பெல்ஜியக் குடியேற்ற அரசின் படை நூற்றுக்கணக்கானோரைக் கொன்று அதை அடக்கியது.