எவ்வளவு பெரிய தீ?

ஒரு வணிக வளாகத்தின் நடுவே ஐந்து மாடி உயரத்துக்குத் திறந்திருக்கும் ஏட்ரியம். அதன் தரையில் தீப்பிடித்தால் புகை எத்தனை நிமிடத்தில் மேல்தளத்தை மூடும், அதை வெளியேற்ற எவ்வளவு திறனுள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும்? இதைக் கணக்கிடத்தான் எஃப்டிஎஸ் என்ற மென்பொருளைக் கற்றுவருகிறேன். அமெரிக்க அரசின் நிஸ்ட் ஆய்வு நிறுவனம் 2000இல் வெளியிட்டது, இலவசமாகவே கிடைக்கிறது. கட்டடத்தின் உள்வெளியைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகம், வெப்பம், புகையடர்த்தி என எல்லாவற்றையும் கணத்துக்குக் கணம் கணக்கிடும். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் வேலை 16 மடங்காகும். வெள்ளிக்கிழமை மாலை ஓடவிட்டது திங்கட்கிழமையும் ஓடிக்கொண்டிருக்கும்.

புகையில் பெரும்பகுதி எரிந்த பொருளிலிருந்து வருவதில்லை என்பதை இதில்தான் கண்ணால் பார்த்தேன். மேலெழும் வெப்பத் தூண், வழிநெடுகச் சுற்றுக் காற்றை உள்ளிழுத்துப் பெருக்கிக்கொண்டே போகிறது. உயரம் இரட்டித்தால் புகையின் அளவு மூன்று மடங்கைத் தாண்டிவிடும். அண்ணாந்து பார்க்க வைக்கும் அந்த உயரத்துக்கு இப்படியொரு விலை இருக்கிறது.

அந்தக் கட்டங்களைப் பிரிப்பதும், ஃபேனையும் காற்று வரும் வழியையும் வரைவதும் பழகப் பழகக் கைவந்துவிடும். கைவராமல் நிற்பது ஒரே ஒரு இடம். தீ எங்கே, எவ்வளவு பெரியது (அதாவது எத்தனை மெகாவாட்), எரிவது என்ன என்று மென்பொருள் நம்மிடம் கேட்கிறது. விடையை நாம்தான் தர வேண்டும். எரிவது மரம் என்று கொடுத்தால் வெளியேறும் வழிப்பலகை கடைசிவரை தெரிகிறது. சோஃபாவின் ஃபோம் என்று கொடுத்தால், அதே எடைக்கு ஏறக்குறைய பத்து மடங்கு கரித்தூள். பத்து மீட்டர் தூரம்கூடத் தெரியாமல் போகிறது. இரண்டு ரன்னுமே பிழையில்லாமல் முடிகின்றன. இரண்டு அறிக்கையிலும் படங்கள் ஒரே அழகு.

ஆக, இந்தத் தொழிலின் மையத்தில் இருப்பது, கெட்டதை எவ்வளவு தூரம் நினைத்துப் பார்க்கத் துணிகிறோம் என்ற கேள்வி. நல்ல காரியம் நடக்கும் இடத்தில் அதைப் பேசாதே என்று வளர்க்கப்பட்டவள் நான். “வாயில நல்ல வார்த்தை வரட்டும்” என்று அம்மா அதட்டுவாள். அந்த அதட்டலில் இருந்த அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் பூமிபூஜை போட்ட கட்டடத்துக்காக யாரோ ஒருவர் உட்கார்ந்து, நொடி நொடியாக, அது எரிவதை நினைத்துத்தான் ஆக வேண்டும். அதுவும் அன்பில்தான் சேரும் என்று நம்புகிறேன்.

அப்படி நினைக்க வேண்டியதில் புகையும் உண்டு. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். தீ பிடித்தது கீழே, டிரான்ஸ்ஃபார்மரில். பால்கனிக்குப் போனது புகை. பெரும்பாலானோர் மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள்.

லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க நிலையத்தைப் பற்றிப் படித்தது இன்னும் ஆழமாகத் தைத்தது. மர எஸ்கலேட்டர்களில் சிறு தீ பிடிப்பது அங்கே பல ஆண்டுகளாக நடந்துவந்ததுதான். பெரிதாக எதுவும் ஆகாததால் வழக்கமாகிவிட்டது. 1987 நவம்பர் 18 அன்று அப்படியொரு தீதான் 31 உயிர்களை எடுத்தது. விசாரணையின்போது கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். தீச்சுவாலை நிமிர்ந்து எழாமல், எஸ்கலேட்டரின் சரிந்த பள்ளத்தில் படுத்தபடியே மேல்நோக்கி ஓடியது. கணக்கில்தான் தவறு என்று நிபுணர்களே சந்தேகப்பட்டார்கள். பிறகு சிறிய மாதிரி ஒன்றைக் கட்டி எரித்தபோது, அதிலும் தீ அப்படியே படுத்தது. தீயை உள்ளபடி கொடுத்துவிட்டால், நம் கற்பனைக்கு எட்டாததையும் இந்தக் கணக்கு காட்டிவிடும். நாமே குறைத்துக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

குறைத்துக் கொடுக்கச் சொல்லி யாரும் மிரட்டுவதில்லை. “எதுக்கு மேடம் அஞ்சு மெகாவாட்? ஏட்ரியத்துல எரிய என்ன இருக்கு, வெறும் கிரானைட்தானே? ஒண்ணு வெச்சுக்கலாமே” என்று போன கூட்டத்தில் மிகவும் மரியாதையாகக் கேட்டார் ஆர்க்கிடெக்ட். வரைபடத்தைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஃபேன், டக்ட், ஜெனரேட்டர் எல்லாமே அந்த ஓர் எண்ணைத் தொட்டு விலை ஏறுகின்றன என்பதும் உண்மை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் ஏற்கெனவே நடக்கிற மால்களுக்குப் போய்ப் பார்த்தேன். கிரானைட்டே கண்ணில் படவில்லை. தெர்மாகோல் கோபுரம், துணித் தோரணம், தள்ளுபடித் துணிக் குவியல், குலுக்கல் பரிசாக நிறுத்திய புதுக் கார். சுற்றிலும் குழந்தைகள். தொழில் கற்க வேண்டிய இடம் இதுவும்தான் என்று பட்டது. இப்போது எண்ணை எழுதும் முன் இப்படிப் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு மெகாவாட், ஐந்து மெகாவாட் என இரண்டு ரன்னையும் கொண்டுபோகிறேன். ஒரு மெகாவாட்டுக்குத்தான் ஃபேன் என்று முடிவெடுத்தால், அந்தத் தரையில் காரோ அலங்காரமோ கடையோ என்றைக்கும் வைப்பதில்லை என்று உரிமையாளர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை அறிக்கையின் முதல் பக்கமாக வைக்கச் சொல்லப்போகிறேன்.