கயிறு பிடிக்கும் கை

முத்துக்குளித்துறையில் ஒரு பழைய வழக்கம் இருந்ததாகப் பெரியோர் கூறுவர். கடலடியில் மூழ்குகிறவனின் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாகவே இருப்பான். தன் சகோதரி கைம்பெண்ணாவதை எவனும் விரும்பான் என்பதே காரணம். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. ஆயினும், உடன் உழைப்பவன் நம் உயிருக்கு எவ்வளவு கடமைப்பட்டவன் என்ற கேள்வி முடிந்துவிடவில்லை.

2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியை அடுத்த சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது தொடக்கத் திறன். ஆலந்தலை போன்ற கடலோர ஊர்களின் பிள்ளைகள் இனி வலைக்குப் பதில் இத்தகைய ஆலைகளை நாடக்கூடும். அங்கே பக்கத்தில் நின்று வேலைசெய்வது ரோபோவாகவும் இருக்கலாம்.

முன்பு ரோபோக்களை வேலிக்குள் அடைத்தே வைத்தனர். அதற்குக் காரணம் உண்டு. 1979 ஜனவரியில் மிச்சிகனில் ஒரு ஃபோர்டு ஆலையில் ரோபோவின் கை மோதித் தொழிலாளி ஒருவர் இறந்தார். மனிதனோடு சேர்ந்து இயங்கும் ‘கோபாட்’ 1990-களில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவானது. அன்றைய கோபாட் தானாக நகராது. தள்ளும் விசை மனிதனுடையது. கை வழிதவறாமல் காப்பது மட்டுமே இயந்திரத்தின் வேலை. பின்னர் வந்தவை சொந்த விசையால் இயங்குகின்றன. ஏதேனும் தட்டுப்பட்டால் நின்றுவிடுகின்றன. புனே அருகே சாகனில் பஜாஜ் ஆலை இவற்றைப் பயன்படுத்துகிறது. பளு தூக்கி முதுகொடிந்த எவரும் இவற்றை இகழமாட்டார்; நானும் இகழவில்லை.

இவற்றுக்கான பன்னாட்டு நெறிமுறை 2016-இல் வெளிவந்தது. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தார் நூறு பேரின் உடலில் 29 இடங்களை அழுத்தி, வலி எங்கே தொடங்குகிறது என அளந்தனர். அந்த அளவுகள் நெறிமுறையில் இடம்பெற்றன. நல்ல ஆய்வு; உயிர்களைக் காக்கும். ஆனால் ஒரு திருகை முடுக்கியவுடன் அடுத்ததை எடு என்று நாள் முழுவதும் விரட்டும் வேகத்துக்கு அதில் அட்டவணை இல்லை. அவ்வேகத்தை நிர்ணயிப்பது இயந்திரமும் அன்று. அலுவலகத்தில் அமர்ந்த ஒரு மனிதர். இயந்திரத்தைக் ‘கூட்டாளி’ என்று அழைக்கும்போது அவர் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறார். கூட்டாளி எனில் இழக்க ஏதாவது இருக்கவேண்டும். மைத்துனனுக்கு இருந்தது.

தொழில்நுட்பம் மனிதனுக்குத் துணைவன். அவனை அடிமையாக்கினால் அதுவே பகைவனுமாகலாம் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எச்சரித்தார். இதற்கு ஒரு மாற்று ஜப்பானில் தோன்றியது. டொயோட்டா ஆலைகளில் வேலைவரிசையின் மேலே ஒரு கயிறு ஓடியது. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், மேற்பார்வையாளர் ஓடிவருவார், குறை தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். மூழ்கியவன் கீழிருந்து கயிற்றை அசைத்ததும் மேலே இழுத்தார்களே, அதே உரிமை!

நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் பிள்ளையிடம் சம்பளத்தையும் பேருந்து வசதியையும் விசாரிக்கச் சொல்கிறோம். வரிசையை நிறுத்தும் பொத்தான் யார் கையில், அதை அழுத்தியவருக்கு மறுநாள் வேலை உண்டா என்றும் கேட்டு வரட்டும்.