சுவரிலிருந்து இறங்கிய இரண்டு முகங்கள்

2018 ஆகஸ்டில் பினாங்கில் ஜோர்ஜ்டவுன் கலைவிழாக் கண்காட்சி ஒன்றில் இரண்டு புகைப்படங்களைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். மலேசியர் பலர் தேசியக் கொடியோடு நிற்கும் உருவப்படங்களின் வரிசை அது. 'ஸ்ட்ரைப்ஸ் அண்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்று தலைப்பு. எடுத்தவர் மூரியமீன் முகமட். இறக்கப்பட்ட படங்களில் இருந்தவர்கள் நிஷா ஆயூப், பாங் கீ தெய்க். நிஷா திருநங்கை, 2016-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் வீரமங்கையர் விருது பெற்றவர். பாங், 'செக்ஷுவாலிட்டி மெர்டேக்கா' என்ற விழாவை 2008-இல் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த விழாவுக்கு 2011-இல் போலீஸ் தடை விழுந்தது.

படங்கள் கூடாது என்றவர் சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவா. ஆட்சி மாறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இத்தகைய வாழ்க்கையைப் பரப்புவது அரசின் கொள்கைக்கு ஒத்துவராது என்பது அவர் சொன்ன காரணம். சில நாளிலேயே அதே அமைச்சர் நிஷாவை நேரில் சந்தித்துப் பேசினார். பாகுபாடு கூடாது என்றும் சொன்னார். ஆளைச் சந்திக்கலாம், படத்தை மாட்டக் கூடாது!

அந்தப் படங்களில் ஆபாசம் எதுவும் இல்லை. ஒரு மனிதர், ஒரு கொடி, அவ்வளவே. கெஞ்சாமல், குனியாமல், குடிமகனாகவும் குடிமகளாகவும் நிமிர்ந்து நின்றதுதான் உறுத்தியிருக்க வேண்டும்.

இதே கதை தென்னாப்பிரிக்காவில் ஒன்பது ஆண்டுக்கு முன்பே நடந்தது. 2009-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கண்காட்சிக்கு வந்த கலை பண்பாட்டு அமைச்சர் லுலு சிங்வானா, ஸனேலே முஹோலி முதலானோரின் படங்களைப் பார்த்ததும் வெளியேறினார். ஒழுக்கக்கேடு, தேச நிர்மாணத்துக்கு விரோதம் என்றார். பாலீர்ப்பைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு அது.

முஹோலி 1972-இல் டர்பனை அடுத்த உம்லாஸியில் பிறந்தவர். 1860 முதல் நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்காகக் கப்பலில் போய் இறங்கிய அதே டர்பன். கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர், ஆண் பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் தன்னை அடைத்துக்கொள்ளாதவர். புகைப்படம், காணொளி, ஓவியம், சிற்பம் என்று கை வைக்காத துறை குறைவு. 2006 தொடங்கித் தன் நாட்டுக் கறுப்பினத் தன்பாலீர்ப்புப் பெண்களையும் திருநரையும் ஒவ்வொருவராக நிற்க வைத்துப் படமெடுத்தார். 2012-இல் வீட்டில் திருட்டு. பல ஆண்டு உழைப்பு கணினித் தட்டுகளோடு போனது. அவர் நிறுத்தவில்லை. பிறகு கேமராவைத் தன் பக்கமே திருப்பினார். பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருள் தலையணியாகும். துணிக் கிளிப்புகள் காதணியாகும். வெள்ளையர் வீட்டில் காலமெல்லாம் வேலை செய்த தன் தாய்க்கு அது மகுடம். அந்தத் தன்னுருவப் படங்களில் தன் தோலின் கறுப்பை அவர் இன்னும் அடர்த்தியாக்குகிறார். சிவப்பழகு கிரீம் விளம்பரம் பார்த்து வளர்ந்த நாம் கொஞ்சம் நெளியத்தான் வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு சமயக் கேள்வி எழுகிறது. எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. விடுதலை என்றால் 'நான்' என்பது கழல்வது என்று நம் ஆன்றோர் சொன்னார்கள். அப்படியிருக்க, நான் கறுப்பு, நான் திருநங்கை என்று உடலையும் அடையாளத்தையும் இறுகப் பற்றுவது விடுதலைக்கு நேர் எதிர் திசை ஆகாதா?

சைவ சித்தாந்தத்தின் பதில் வேறு விதமானது. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என நான்கையும் அருளால் கொடுக்கிறான். தனு என்பது உடல். கொடுத்தது சிறை வைக்க அல்ல, இருள் நீங்கத் துணையாக. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்குக் காவடி தூக்குகிறவர் உடலை அடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டா படியேறுகிறார்? அலகு குத்திய கன்னத்தோடு, வேர்வையோடு, அந்த உடலையேதான் முருகனிடம் கொண்டு போகிறார். அதோடு, இல்லாத ஒன்றை யாரும் துறக்க முடியாது. 2000-ஆம் ஆண்டில் பெண்ணாக உடுத்தியதற்காக ஆண்கள் சிறையில் மூன்று மாதம் அடைக்கப்பட்டவர் நிஷா. அவரிடம் போய் அகந்தையை விடு என்று உபதேசிப்பதைவிடக் கொடுமை உண்டா?

வைணவத்தில் நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆகிறார். திருமங்கையாழ்வார் பரகால நாயகி. ஆண் பெண்ணாகிப் பெருமாளுக்கு ஏங்கினால் நாம் உருகுகிறோம், உரை எழுதுகிறோம். அந்த நாயகி பாவத்தையே தன் கலையின் உயிராக எடுத்துக்கொண்டவர் மதுரையில் பிறந்த திருநங்கை, பரத நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ். நாட்டிய ஆசான் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் காத்திருந்து இடம் பெற்றுக் கற்றார். 2019-இல் பத்மஸ்ரீ வந்தது. ஆழ்வார் பாட்டில் பாவனையாக இருந்தது இவரிடம் வாழ்க்கையாகவே இருக்கிறது. பாவனையைக் கொண்டாடிவிட்டு வாழ்க்கையை வாசலில் நிறுத்துவது பக்தி ஆகாது. குருவின் வீட்டு வாசலைத் தாண்ட நர்த்தகி பட்ட பாடும் கிட்டப்பா பிள்ளை கதவைத் திறந்ததும் தமிழ்க் கலை வரலாற்றில் சின்ன விஷயமில்லை.

'அமைச்சர் சொன்னது முஸ்லிம்கள் விவகாரம், நமக்கென்ன' என்று பினாங்குத் தமிழர் ஒதுங்குவதும் முடியாது. தன்பாலுறவுக்கு எதிராகப் பயன்படும் மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 377ஏ பிரிவு எல்லா மதத்தாருக்கும் பொது. அதன் வேர் வெள்ளைக்காரன் 1860-இல் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தில் இருக்கிறது. படங்கள் இறங்கி ஒரு மாதத்தில், 2018 செப்டம்பர் 6 அன்று, இந்திய உச்ச நீதிமன்றம் வயது வந்தோரின் இசைவான உறவுக்கு அந்தச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு பொருந்தாது என்றது. மலேசியாவில் 377ஏ அப்படியே இருக்கிறது.

சட்டத்தை மாற்றுவது கோயில் நிர்வாகத்தின் கையில் இல்லைதான். மேடை அவர்கள் கையில் இருக்கிறது. 1833 முதல் குவீன் ஸ்ட்ரீட்டில் நிற்கும் மாரியம்மன் கோயிலிலிருந்து பினாங்கின் எந்தக் கோயில் ஆனாலும், நவராத்திரிக்கு ஒன்பது இரவு நிகழ்ச்சி வைப்பவர்கள் ஓர் இரவைத் திருநங்கைக் கலைஞர் ஒருவருக்குக் கொடுக்கட்டும். அழைப்பிதழில் அவர் பெயரை அவர் சொல்கிறபடியே அச்சிடட்டும். சன்மானமும் மற்றக் கலைஞர்களுக்குக் கொடுப்பதையே கொடுக்கட்டும்.