தூய்மை ஆற்றிற்கா, அதன் பெயருக்கா?

ஓர் ஆற்றின்மீது பல நாள் தோணியிற் செல்வோர்க்குக் கரையில் நின்று காண்போர் பெறாத ஓர் அறிவு கிட்டுகின்றது. கரையில் நிற்பவன் ஆற்றை ஓரிடத்தில் மட்டுமே காண்கிறான். அவ்விடத்து நீர் எவ்வாறு உள்ளதோ அதுவே ஆறு என்று துணிந்துவிடுகிறான். தோணியிற் செல்பவனோ, ஒரு வளைவில் தெளிந்திருந்த நீர் மறு வளைவில் கலங்குவதைக் காண்கிறான். கலங்கியதன் காரணத்தையும் அவ்விடத்திலேயே காண்கிறான்.

1977-ஆம் ஆண்டில், டென்சிங்குடன் எவரெஸ்டு சிகரத்தை முதன்முதல் எட்டிய எட்மண்டு ஹில்லாரி, கங்கையின் முகத்துவாரத்திலிருந்து மூலத்தை நோக்கி விசைப்படகுகளிற் புறப்பட்டார். ‘கடலிலிருந்து வானுக்கு’ என்பது அப்பயணத்தின் பெயர். வங்கத்துச் சமவெளியையும் காசியின் படித்துறைகளையும் கடந்து இமயத்துப் பள்ளத்தாக்கினுள் நுழைந்த அப்படகுகளை, நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி தடுத்து நிறுத்திற்று. அதன்பின் அவர்கள் கால்நடையாக மலையேறினர். அவர்கள் கடந்து சென்ற நீர் எங்கும் ஒரே தன்மையதாக இருந்திருக்க இயலாது. ஆயினும் கரைவாழ் மக்களுக்கு அது முழுவதும் ஒரே கங்கை, ஒரே புனிதம். 1986-இல் அரசாங்கமே முன்வந்து அந்நீரைத் துப்புரவாக்கும் திட்டமொன்றைக் காசியிற் தொடங்க வேண்டியிருந்தது. அதன் பின்னரும் மூழ்கி எழுவோரின் நம்பிக்கையில் ஒரு துளியும் குறையவில்லை. பெயர் தூயது, ஆகவே நீரும் தூயது என்பது அவர்கள் கணக்கு.

அனாதபிண்டிகன் இல்லத்தில் நீர் சுமந்த அடிமைப் பெண் புண்ணிகையை நாம் தேரிகாதை வாயிலாக அறிவோம். நீரில் மூழ்கிப் பாவம் களையலாம் என்று நம்பிய பார்ப்பனன் ஒருவனை அவள் மடக்கினாள். நீராடினால் தூய்மை வருமாயின் மீனும் தவளையும் நமக்கு முன்பே வீடு பெற்றிருக்குமே என்பது அவள் வாதத்தின் சாரம். குளிர்காலத்து விடியலில் அச்சத்தோடு ஆற்றில் இறங்கி நின்று நீர் முகந்தவள் அவள். நீரென்பது நீரே என்பதை அவளினும் நன்கறிந்தவர் யார்?

நிற்க. நம் வாசலுக்கு வருவோம். தாராவியின் ஓரத்தில் ஓடும் மித்தி ஆற்றை நம்மில் எத்தனை பேர் ஆறு என்று அழைக்கிறோம்? ‘நாலா’ என்கிறோம்; மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கிறோம். (மராத்தியில் உப்பை ‘மீட்’ என்பர், இந்தியில் இனிப்பானதை ‘மீட்டா’ என்பர். இந்த ஆற்றின் பெயரில் இரண்டும் ஒலிக்கின்றன; இன்றைய நீரிலோ கழிமுகத்து உப்பேனும் எஞ்சியிருக்கிறது.) இதன்மீது கருத்தளவில் ஒரு தோணியை விடுவோம். வழி நெடியதன்று, ஏறத்தாழ 18 கிலோமீட்டர்தான். ஆயினும் ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்ப்பதாயின் பல நாள் வேண்டும்.

1860-இல் கட்டப்பட்ட விகார் ஏரியும், 1891-இல் கட்டப்பட்ட பவாய் ஏரியும் மழைக்காலத்தில் நிரம்பி வழியும் நீரே மித்தியாகிறது. விகாரைச் சூழ்ந்துள்ளது சிறுத்தை உலவும் காடு. அக்காட்டினுள்தான், நூற்றுக்கு மேற்பட்ட குகைகளில் பௌத்த பிக்குகள் வாழ்ந்த கன்ஹேரி மலையும் உள்ளது. பாறையில் வாய்க்கால் வெட்டி, மழைநீரைத் தொட்டிகளில் தேக்கிப் பருகியவர்கள் அவர்கள். அங்கே புறப்படும் நீரை யாரும் நாலா என்று சொல்லத் துணியார். கீழிறங்கினால் மாட்டுத் தொழுவங்களின் கழிவு சேர்கிறது. சாக்கிநாக்கா, குர்லா பக்கங்களில் பட்டறைகளின் எண்ணெயும், பீப்பாய் கழுவிய நீரும் சேர்கின்றன. மாநகரத்து மலநீர் இவையனைத்தினும் மிகுதி. விமான நிலையத்தில் ஓடுபாதையின் அடியில் புகுந்து, தன் போக்கை விட்டு ஒடிந்து திரும்புகிறது. பாந்திரா–குர்லா வணிக வளாகம் எழுந்ததோ, ஆறு பெருகுங்கால் பரவி இளைப்பாறிய சதுப்பு நிலத்தின்மீது. கடைசியில், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அது தாராவிக்கு வருகிறது. நாம் காண்பது இந்தக் கடைசி வளைவை மட்டுமே.

கங்கையை எந்நிலையிலும் தூயதென்பதும், மித்தியைப் பிறவியிலேயே சாக்கடை என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இப்பிழையை ஆறுகளிடத்து மட்டுமா இந்நாடு செய்தது? அழுக்கு வந்து சேர்வது. அதற்குக் காரணம் உண்டு. காரணம் நீங்கினால் அதுவும் நீங்கும். தீட்டோ காரணமின்றிப் பிறப்பின்மேல் ஏற்றப்படுவது. அதைக் கழுவ எந்த நீராலும் ஆகாது. கழுவுதற்கு அங்கே ஒன்றும் இல்லையாதலின். வசல சூத்திரத்தில் பகவன் பிறப்பை விலக்கிச் செயலை முன்வைத்தது இதனாலன்றோ? அதை ஏற்று நெறி மாறி வந்த நாம், நம் ஆற்றை மட்டும் பிறவிச் சாக்கடை என்று இழித்துரைப்பது எங்ஙனம் பொருந்தும்?

‘எல்லாம் காரணத்தால் விளைந்தவை எனின் குற்றவாளி என்று எவருமே இல்லையா?’ என்று ஓர் அன்பர் வினவக்கூடும். நல்ல வினா. காரணத்தைத் தேடுவது பொறுப்பை அழிப்பதற்கன்று. உரியவரிடம் கொண்டு சேர்ப்பதற்கே. 2005 சூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது, மித்தி பொங்கி நகருக்குள் புகுந்தது, பலர் மாண்டனர். அதன்பின் ஆற்றைப் பேண ஓர் ஆணையம் அமைந்தது. அகலப்படுத்தும் வேலையும் நடந்தது. கரையிலிருந்த குடிசைகள் பல அகற்றப்பட்டன. ஓடுபாதை அகலவில்லை, வளாகமும் அகலவில்லை. குடிசைவாசிகள் குப்பை கொட்டவில்லை என்று நாம் வாதிடோம்; கொட்டியதுண்டு, நாமும் கொட்டியதுண்டு. ஆனால் குப்பைவண்டி எட்டிப்பாராத சந்தில் வாழ்பவனின் செயலையும், சதுப்பைத் தூர்க்கத் திட்டமிட்டவரின் செயலையும் ஒரே தராசில் வைத்தல் நீதியாகாது. எண்ணத்தையே வினை என்னும் நெறி நம்முடையது. வேறு வழி இருந்தும் தேர்ந்தவன் ஒருவன். வழியே இல்லாதவன் மற்றொருவன்.

தோணி மாகிம் கழிமுகத்தை அடைகிறது. தாராவியின் பழங்குடிகளாகிய கோளிகள் ஒரு காலத்தில் வலை வீசிய நீர் இது. கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் மேலேறி வர, அலையாத்திச் செடிகளின் வேர்களுக்கிடையே நெகிழிப் பைகள் மிதக்கின்றன. கொக்குகள் அவற்றிடையே நின்று இரை தேடுகின்றன.

விடுமுறை நாட்களில் கன்ஹேரிக்குச் செல்லும் நம் குடும்பங்கள், திரும்பும் வழியில் பவாய்க் கரையிலும் சற்று நிற்கலாம். இந்த நீர் எங்கே போகிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். நம் வீட்டுப் பக்கந்தான் போகிறது என்று சொல்லலாம்.